வீட்டுப் பழம்பொருட்களை மாவட்ட அருங்காட்சியகத்தில் சேர்ப்பது எப்படி: பட்டியல் முதல் ஒப்புகைச் சீட்டு வரை

எங்கள் அப்பத்தா வீட்டை இடிப்பதென்று முடிவான பிறகுதான் பரணில் ஏறினோம். ஐந்து கட்டு ஓலைச்சுவடி, நெல், அரிசி அளக்கும் பித்தளைப் பூண் போட்ட மரக்கால், படி, உழக்கு, மாடு கட்டிக் கிணற்றில் நீர் இறைக்கும் கமலையின் உருளை ஒன்று, ஒரு பெட்டி நிறைய பழைய பத்திரங்கள், சுருக்குப் பையில் கொஞ்சம் அம்மன் காசு என்று வந்துகொண்டே இருந்தது. பழைய இரும்புக்காரர் வாசலில் நின்றுகொண்டு எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு விலை சொன்னார். சித்தப்பா கொடுத்துவிடலாம் என்றார், நான் அருங்காட்சியகத்துக்குக் கொடுப்போம் என்றேன். ஆனால் யாரைப் பார்ப்பது, என்ன எழுதிக் கொடுப்பது, எவ்வளவு நாளாகும் என்று கேட்டால் எனக்கு ஒன்றும் தெரியாது. கேட்ட இடத்திலெல்லாம் ஆளுக்கொரு பதில். கடைசிப் பொருளுக்கு ஒப்புகைச் சீட்டு கைக்கு வர ஏழு மாதம் ஆனது, அதில் பாதிக்கு மேல் எங்கள் தவறுகளால் போன நாட்கள். நீங்களும் அந்தச் சுற்றுச் சுற்ற வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு, அதுவும் ஊர்ப்பக்கம் பழைய வீடு வைத்திருப்பவர்களுக்கு இது பொருந்தும்.

1. எதையும் தேய்க்காதீர்கள், பிரிக்காதீர்கள்

பரணிலிருந்து பொருளை இறக்கியதும் எல்லோருடைய கையும் புளிக்கும் சாம்பலுக்கும் போகும். வேண்டாம். எங்கள் வீட்டில் அத்தை ஆசையாக ஒரு உழக்கைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கிவிட்டார். அடியில் கீறியிருந்த எழுத்து பாதி மழுங்கிப் போனது, அது யார் பெயர் என்று இனி யாராலும் சொல்ல முடியாது. பித்தளையிலும் செம்பிலும் காலம் ஏற ஏறப் படியும் அந்தக் கறுப்பும் பச்சையும் பொருளின் வயதுக்குச் சாட்சி. காசுக்கும் இதேதான், எலுமிச்சம்பழம் எல்லாம் போடாதீர்கள்.

ஓலைச்சுவடியில் இன்னும் கவனம் வேண்டும். ஒட்டிக்கொண்ட ஏடுகளை நகத்தால் நெம்பிப் பிரித்தால் எழுத்தோடு உரிந்து வரும். வெயிலில் காயவைத்தால் ஓலை நொறுங்கும். எலுமிச்சைப்புல் எண்ணெய் தடவலாம் என்று யாராவது சொல்வார்கள், அது உண்மையிலேயே சுவடி நூலகங்களில் செய்வதுதான், ஆனால் தூசி நீக்கிய பிறகு, அளவு தெரிந்தவர்கள் செய்ய வேண்டிய வேலை. நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: துவைத்துக் காயவைத்த கோராத் துணியில் சுற்றி, தரையில் படாமல், அடுப்படிக்கும் சன்னலுக்கும் தள்ளி ஒரு பலகைமேல் வையுங்கள். ரப்பர் பேண்டு போடாதீர்கள், அது உருகி ஒட்டிக்கொள்ளும். பிளாஸ்டிக் பையும் ஆகாது, உள்ளே வேர்க்கும்.

2. பட்டியல் போடுங்கள்

இந்தப் படியில் அவசரப்பட்டால் பிறகு எங்கேயும் சரிசெய்ய முடியாது. ஒரு மரக்காலை அப்படியே எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தால் அது இன்னொரு மரக்கால், அவ்வளவுதான். ஆனால் மரக்காலின் அளவு சீமைக்குச் சீமை மாறும். இது எந்த ஊர், யார் வீட்டில், எதை அளந்தது, குத்தகை நெல் அளந்ததா, களத்தில் கூலி அளந்ததா என்று தெரிந்தால்தான் அது அந்த வட்டாரத்தின் வரலாறு ஆகும். அந்தத் தகவல் பொருளில் இல்லை, வீட்டுப் பெரியவர்களின் ஞாபகத்தில் இருக்கிறது. அவர்களுக்கு அப்புறம் கேட்க ஆளில்லை.

அதனால் வீட்டில் வயதான ஒருவரை உட்கார வைத்து, ஒவ்வொரு பொருளாகக் கையில் கொடுத்துப் பேச விடுங்கள். கைப்பேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள். "இது என்ன" என்று மட்டும் கேட்டால் ஒரே வார்த்தையில் முடிந்துவிடும். "இதை யார் கையில் பார்த்திருக்கீங்க, எந்த மாசத்துல எடுப்பாங்க, எங்க வச்சிருப்பாங்க" என்று கேளுங்கள். நாங்கள் வெறும் காசு என்று நினைத்திருந்த அம்மன் காசைக் கையில் வாங்கியதும், எங்கள் பெரிய அத்தை, நவராத்திரிக்கு அரிசியோடு சேர்த்து அந்தக் காசு கொடுத்ததாக அவருடைய அம்மா சொன்ன கதையை அரை மணி நேரம் சொன்னார். புதுக்கோட்டைச் சமஸ்தானம் தனக்கென்று அடித்த சின்னச் செப்புக் காசு அது, ஒரு பக்கம் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கு எழுத்தில் "விஜய" என்று இருக்கும். காசைப் பற்றி அருங்காட்சியகத்துக்கு நாம் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அத்தை சொன்னதுதான் அவர்களிடம் இல்லாதது.

பட்டியலில் ஒவ்வொரு பொருளுக்கும் எழுத வேண்டியவை: வரிசை எண், ஊரில் வழங்கும் பெயர், எதனால் ஆனது, உயரம் அகலம், எடை, எழுத்து ஏதாவது இருக்கிறதா, உடைசல் எங்கே, யாரிடமிருந்து யாருக்கு வந்தது, யார் சொன்ன தகவல், எந்தத் தேதியில் சொன்னது. ஊர்ப் பெயரை மாற்றாதீர்கள். உங்கள் ஊரில் அதற்கு என்ன பெயரோ அதையே எழுதுங்கள், அகராதியில் இல்லாத பெயராக இருந்தால் அதுவே பெரிய தகவல்.

படம் எடுக்கும்போது வெள்ளை வேட்டியை விரித்து, பக்கத்தில் ஒரு அளவுகோல் வைத்து, முன், பின், அடி, எழுத்து உள்ள இடம் என்று குறைந்தது நான்கு படம். பிளாஷ் வேண்டாம். எழுத்து தெரியவில்லை என்று மாவோ சாக்பீஸோ தடவாதீர்கள், ஒரு டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தாலே கீறல் தெரிந்துவிடும். ஒரு அட்டைத் துண்டில் பென்சிலால் வரிசை எண் எழுதி நூலால் பொருளில் கட்டுங்கள். ஸ்டிக்கர், செலோடேப் ஒட்டக் கூடாது.

3. எந்தப் பொருள் யாரிடம்

எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொடுத்துவிடலாம் என்று நினைத்து ஒரு மாதம் வீணாக்கினேன். உண்மையில் இப்படிப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

புழங்கு பொருட்கள், உழவுக் கருவி, அளவைகள், பரம்பரையாக வந்த காசு, விளையாட்டுச் சாமான், நகைப் பெட்டி, பூசைச் சாமான் எல்லாம் மாவட்ட அரசு அருங்காட்சியகம். அரசு அருங்காட்சியகங்கள் துறையின் கீழ் மதுரை, திருச்சி, சேலம், கோவை, ஈரோடு, வேலூர், கடலூர், திருநெல்வேலி, புதுக்கோட்டை என்று பல ஊர்களில் இருக்கிறது, அங்கே பொறுப்பாளர் பெயர் காப்பாட்சியர்.

சுவடி என்றால், சென்னையில் 1869-இலிருந்து இயங்கும் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம், பெசன்ட் நகரில் உ.வே.சா. நூலகம், தஞ்சையில் சரசுவதி மகால் நூலகமும் தமிழ்ப் பல்கலைக்கழகமும், புதுச்சேரியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம். மாவட்ட அருங்காட்சியகமும் வாங்கும், ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று படித்துச் சொல்ல ஆள் வேண்டுமே. எங்கள் கட்டுகளில் ஒன்று மாட்டு வாகடம், அதாவது மாட்டு வைத்திய நூல், என்று சுவடி படிக்கத் தெரிந்த ஒருவர் பார்த்த பிறகுதான் தெரிந்தது. அதுவரை அதை ஜாதகக் கட்டு என்றே சொல்லிக்கொண்டிருந்தோம்.

பழைய அச்சுப் புத்தகம், பத்திரிகை, நோட்டீஸ் என்றால் தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தைக் கேட்டுப் பாருங்கள்.

நிலப் பத்திரங்களில் ஒரு எச்சரிக்கை. பழைய எழுத்து அழகாக இருக்கிறது என்று மூலப் பத்திரத்தைக் கொடுத்துவிடாதீர்கள். இன்றும் உங்கள் குடும்பம் அனுபவிக்கும் நிலத்துக்கு அது தாய்ப்பத்திரமாக இருக்கலாம். ஒரு வக்கீலிடம் காட்டிவிட்டு, உரிமைக்குத் தேவையில்லாததை மட்டும் கொடுங்கள், மற்றதற்கு நல்ல நகல் போதும்.

வயலில் நிற்கும் கல்வெட்டு, நடுகல், கோயில் சிலை ஆகியவற்றை இருக்கும் இடத்தை விட்டு அசைக்காதீர்கள். கல்வெட்டையும் நடுகல்லையும் படம் எடுத்து, இடத்தைக் குறித்து, மாநிலத் தொல்லியல் துறைக்கு எழுதுங்கள், அவர்கள் வந்து கல்லில் உள்ள எழுத்தைக் காகிதத்தில் மை ஒற்றி மைப்படி எடுப்பார்கள். ஊரார் கும்பிடுகிற நடுகல் அந்த ஊரிலேயே இருப்பதுதான் நல்லது, அதற்கு அருங்காட்சியகம் தேவையில்லை. கோயில் சிலை யார் வீட்டில் இருந்தாலும் அது குடும்பச் சொத்து ஆகாது, அறநிலையத் துறைக்குத் தெரிவியுங்கள்.

மான்கொம்பு, தந்தம், புலித்தோல், பழைய துப்பாக்கி, நீள வாள் இருந்தால் அவற்றைப் பட்டியலில் தனியாக வைத்து, யாருக்கும் கைமாற்றுவதற்கு முன் வனத்துறையிடமோ காவல் நிலையத்திலோ என்ன செய்ய வேண்டுமென்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சென்னைக்குக் கொடுப்பதா மாவட்டத்துக்குக் கொடுப்பதா என்று எங்கள் வீட்டில் பெரிய பேச்சு நடந்தது. எழும்பூர் அருங்காட்சியகம் 1851-இல் தொடங்கியது, அங்கே நம் பொருள் இருந்தால் பெருமைதான். ஆனால் எங்கள் ஊர்ப் படியையும் கமலை உருளையையும் பார்த்து "இது எங்க வீட்லயும் இருந்துச்சே" என்று சொல்லக்கூடியவர்கள் எங்கள் மாவட்டத்தில்தான் இருக்கிறார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பேருந்தில் வந்து பார்ப்பதும் அங்கேதான். நான் மாவட்டத்தின் பக்கம் நின்றேன், இப்போது கேட்டாலும் அதையே சொல்வேன்.

4. சட்டத்தில் மாட்டாமல் இருக்க

மண்ணுக்குள் கிடைத்த பொருளும் பரணில் இருந்த பொருளும் சட்டத்தின் கண்ணில் வேறு வேறு. கிணறு வெட்டும்போதோ கடைக்கால் தோண்டும்போதோ காசுப் பானை, செப்புச் சாமான், சிலை கிடைத்தால் அது புதையல். 1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். என்ன கிடைத்தது, எவ்வளவு, எந்த இடம், எந்தத் தேதி என்று எழுத வேண்டும். நடைமுறையில் கிராம நிர்வாக அலுவலர், வட்டாட்சியர் வழியாகப் போகும், கடிதத்தின் நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். மறைத்தால் கண்டெடுத்தவருக்குரிய பங்கு அரசுக்குப் போய்விடும், ஓராண்டு வரை சிறையும் உண்டு. முறையாகச் சொன்னால், உரிமை கோர வேறு யாரும் இல்லாதபோது, அரசு அதை எடுத்துக்கொள்வதாக இருந்தால் அந்த உலோகத்தின் மதிப்பும் அதில் ஐந்தில் ஒரு பங்கும் சேர்த்துக் கொடுக்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. இதைத் தெரியாமல்தான் பலர் பயந்துபோய் இரவோடு இரவாக உருக்கிவிடுகிறார்கள்.

முதுமக்கள் தாழியின், அதாவது அந்தக் காலத்தில் இறந்தவர்களை வைத்துப் புதைத்த பெரிய மண்பானையின், விளிம்பு தெரிந்தால் தோண்டுவதை அங்கேயே நிறுத்துங்கள். தாழியைத் தூக்கி வெளியே வைத்தால் பாதி வரலாறு போய்விட்டது, எந்த ஆழத்தில், எதனோடு சேர்ந்து கிடந்தது என்பதுதான் தொல்லியலாளர்களுக்கு வேண்டியது.

பரணில் இருந்ததற்கு 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைச் செல்வங்கள் சட்டம். 100 ஆண்டு கடந்த பொருளும், 75 ஆண்டு கடந்த கையெழுத்துச் சுவடியும் தொல்பொருள் ஆகும். ஆனால் எல்லாவற்றையும் பதிவு செய்யச் சொல்லவில்லை. சிற்பங்கள் (கல், சுடுமண், உலோகம், தந்தம், மரம் எதுவானாலும்), ஓவியங்கள், படம் வரைந்த சுவடிகள் ஆகியவற்றுக்குத்தான் பதிவு. படமில்லாத சுவடிக்கும் மரக்காலுக்கும் தேவையில்லை. ஏற்கெனவே பதிவான பொருள் என்றால், அதை அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கும்போதும் இந்தச் சட்டத்தின் கீழ் தொல்பொருளைப் பதிவு செய்யும் அலுவலருக்குத் தெரிவிக்க வேண்டும்.

வெளிநாட்டில் இருக்கும் மகனுக்கோ மகளுக்கோ நினைவாக ஒன்று இருக்கட்டுமே என்று பெட்டியில் வைத்து அனுப்பாதீர்கள். தொல்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு எடுத்துப் போக முடியாது, விமான நிலையத்தில் பிடித்தால் பொருளும் போகும், வழக்கும் வரும்.

5. குடும்பத்தின் கையெழுத்து

எங்களுக்கு நான்கு மாதம் போனது இங்கேதான். அப்பத்தா இறந்த பிறகு அவர் பொருள் எல்லா வாரிசுக்கும் பொது. ஒருவர் மட்டும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், பின்னால் இன்னொருவர் போய் "என் பங்கைத் திருப்பிக் கொடுங்கள்" என்று நிற்கலாம். நின்றார்கள். அந்தச் சண்டையில் அருங்காட்சியகத்தை இழுத்துவிடக் கூடாது.

சேகரிக்க வேண்டியவை: உரிமையாளரின் இறப்புச் சான்றிதழ் நகல், வாரிசுச் சான்றிதழ் நகல் (இல்லையென்றால் இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம், அதற்கே பல வாரம் ஆகலாம்), வாரிசுகள் எல்லோரும் கையெழுத்திட்ட ஒப்புதல் கடிதம், ஒவ்வொருவரின் ஆதார் நகல், பட்டியல், படங்கள். சின்னச் சாமான்களுக்கு இவ்வளவும் கேட்க மாட்டார்கள். இருந்தாலும் ஒப்புதல் கடிதத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். வெளியூரில் இருப்பவர் கடிதத்தைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதாது, மூலக் கடிதம் தபாலில் வரட்டும்.

பத்திரப் பதிவு அலுவலகத்துக்குப் போக வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். வேண்டாம். அசையும் பொருளைத் தானமாகக் கொடுக்க, பொருளைக் கையில் ஒப்படைத்தாலே போதும் என்று சொத்து மாற்றுச் சட்டத்தின் 123-ஆம் பிரிவு சொல்கிறது. எங்களிடம் ஒரு எழுத்தர் முத்திரைத்தாளில் தானப் பத்திரம் கட்டாயம் என்று சொல்லிப் பணம் வாங்கிக்கொண்டார், அது வீண் செலவு.

6. பொருளில்லாமல் போய்ப் பேசுங்கள்

முதல் முறை பொருளைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள், பட்டியலும் படமும் போதும். அரசு அருங்காட்சியகங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, ஞாயிற்றுக்கிழமை கூட்டம். ஒரே காப்பாட்சியர் பக்கத்து மாவட்டத்தையும் சேர்த்துப் பார்ப்பதுண்டு, அதனால் தொலைபேசியில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

எல்லாவற்றையும் வாங்கிக்கொள்வார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம். அவர்களிடம் ஏற்கெனவே பத்து ஆட்டுக்கல் இருக்கும். கிடங்கில் இடம் குறைவு, பராமரிக்க ஆள் குறைவு. எங்களிடம் பத்தொன்பது பொருளில் பதினொன்றைத்தான் கேட்டார்கள். கேட்டதெல்லாம் கதை எழுதியிருந்த பொருட்கள்.

நீங்கள் கேட்க வேண்டியது: பார்வைக்கு வைப்பார்களா, கிடங்கில் வைப்பார்களா? கொடுத்தவர் பெயரும் ஊரும் விளக்க அட்டையில் வருமா? பின்னால் ஆய்வாளர்கள் கேட்டால் காட்டுவார்களா? சுவடியை மின்படம் எடுத்து நமக்கு ஒரு பிரதி கிடைக்குமா? "எப்போதும் கண்ணாடிப் பெட்டியில்தான் வைக்க வேண்டும்" என்று நிபந்தனை போடாதீர்கள், யாராலும் அதை எழுதிக் கொடுக்க முடியாது.

வேண்டாம் என்று சொன்ன பொருட்களுக்கும் வழி உண்டு. அரசுப் பள்ளிகள் சிலவற்றில் தொன்மைப் பாதுகாப்பு மன்றம் இருக்கிறது. எங்கள் திருகையும் இரண்டு முறமும் இப்போது ஒரு மேல்நிலைப் பள்ளியில் இருக்கின்றன.

7. கடிதம்

நீளமாக எழுத வேண்டாம். நாங்கள் எழுதியது ஏறக்குறைய இப்படி:

"ஐயா, எங்கள் பாட்டியார் பயன்படுத்திய, இணைப்பில் கண்ட 11 பொருட்களையும் அருங்காட்சியகத்துக்கு விலையில்லாமல் நிரந்தர நன்கொடையாக வழங்குகிறோம். இவை பரம்பரையாக எங்கள் குடும்பத்தில் இருந்தவை, மண்ணிலிருந்து கிடைத்தவை அல்ல. இவற்றின் மீது வேறு எவருக்கும் உரிமையோ வழக்கோ இல்லை. வாரிசுகள் அனைவரின் ஒப்புதலும் இணைக்கப்பட்டுள்ளது. ஒவ்வொரு பொருளின் ஊர், பயன்பாடு பற்றிய குறிப்புகளையும் பதிவேட்டில் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம்."

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். இரண்டாவது வாக்கியமும் முக்கியம், அது உண்மையாக இருந்தால் மட்டும் எழுதுங்கள். மூன்று பிரதி, ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து.

8. ஒப்படைக்கும் நாள்

ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் துணியில் சுற்றி, அட்டைப் பெட்டியில் வைக்கோலுக்குப் பதில் பழைய பருத்திப் புடவையை இடுக்கி வைத்தோம், வைக்கோலில் பூச்சி வரும். சுவடியைப் படுக்கை வசத்தில் மடியில் வைத்துக்கொண்டு போனோம்.

அங்கே பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, உங்கள் பிரதியில் கையெழுத்து, அலுவலக முத்திரை, தேதி மூன்றும் வாங்கிய பிறகுதான் கிளம்ப வேண்டும். "வச்சுட்டுப் போங்க, அப்புறம் அனுப்புறோம்" என்று எங்கே சொன்னாலும் சம்மதிக்காதீர்கள். பல வருடங்களுக்கு முன்னால் எங்கள் பெரியப்பா ஒரு வெளியூர் அமைப்புக்கு இரண்டு சுவடிக் கட்டுகளை அப்படித்தான் கொடுத்தார். சீட்டு இல்லை, இன்று அங்கே கேட்டால் அப்படி ஒன்று வரவே இல்லை என்கிறார்கள். அவற்றில் என்ன எழுதியிருந்தது என்று எங்களுக்கு இனி தெரியப் போவதில்லை.

கையெழுத்து வாங்கியதோடு வேலை முடியவில்லை. பதிவேட்டில் ஏறிய எண் சில வாரம் கழித்துத்தான் கிடைக்கும். அந்த எண்ணைக் கேட்டு வாங்கி உங்கள் பட்டியலில் ஒவ்வொரு பொருளுக்கும் நேரே எழுதிக்கொள்ளுங்கள். நாளைக்கு உங்கள் பேத்தி போய்க் கேட்டால் அந்த எண்ணை வைத்துத்தான் தேடுவார்கள்.

9. செலவும் நாளும்

அருங்காட்சியகத்துக்கு நாம் கட்ட வேண்டியது ஒன்றுமில்லை, அவர்களும் நன்கொடைக்குப் பணம் தருவதில்லை. எங்களுக்கு ஆனது: நகல், படம் அச்சிட 640 ரூபாய், துணியும் பெட்டியும் 900, வாடகை வண்டி 2,200, தேவையில்லாத அந்தப் பத்திரத்துக்கு 1,500. பட்டியல் போட மூன்று வார இறுதி, குடும்பக் கையெழுத்து நான்கு மாதம், முதல் சந்திப்பிலிருந்து ஒப்படைக்க ஐந்து வாரம், மீதி எண் வாங்கும் வரை. வீடு இடிக்கும் தேதி குறித்த பிறகு தொடங்காதீர்கள், குறைந்தது ஆறு மாதம் முன்னால் தொடங்குங்கள். தை, ஆடி மாதங்களில் வெளியூர்ச் சொந்தங்கள் ஊர்த் திருவிழாவுக்கு வரும்போது ஒப்புதல் கடிதத்தை எடுத்துக்கொண்டு போனால் ஒரே நாளில் ஐந்து கையெழுத்து வாங்கிவிடலாம்.

10. கொடுத்த பிறகு

பட்டியல், ஒலிப்பதிவு, படங்கள், சீட்டு எல்லாவற்றையும் குடும்பத்தில் மூன்று பேரிடம் வையுங்கள். ஆறு மாதம் கழித்து, தகவல் சொன்ன அந்தப் பெரியவரையே அழைத்துக்கொண்டு ஒருமுறை போய்ப் பாருங்கள். நாங்கள் பெரிய அத்தையைக் கூட்டிக்கொண்டு போனபோது, பக்கத்துப் பெட்டியில் வேறு யாரோ கொடுத்திருந்த பெயர் தெரியாத ஒரு மரச்சாமானைப் பார்த்து அது இன்னது என்று சொன்னார், காப்பாட்சியர் உடனே நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார். போகும்போது பேனாவும் காகிதமும் கொண்டுபோங்கள், வெள்ளிக்கிழமையாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.